உப்பு கீதா?

கல்யாணமாகி ஆவடி குவார்ட்டர்ஸுக்கு வந்த புதிது. எண்பத்தைந்தோ எண்பத்தாறோ. நான் திருச்சியில் பிறந்து வளர்ந்தவள். வீட்டுக்காரருக்கு இங்கே பாதுகாப்புத் தொழிற்சாலையில் வேலை. அவர் ஷிஃப்டுக்குப் போய்விட்டார். நான் அட்டைப்பெட்டியைப் பிரித்துப் பாத்திரங்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். வாசலில் ஒருவர் வந்து நின்றார். ஐம்பதை நெருங்கிய வயது, முறுக்கிய மீசை, கட்டம் போட்ட லுங்கி, கையில் ஒரு கிண்ணம். வீட்டுக்குள் எட்டிப் பார்க்கக் கூடாது என்ற மரியாதையில் முருங்கை மரத்தைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

"உப்பு கீதா?"

நான் யோசித்தேன். இந்த வீட்டில் முன்பு குடியிருந்தவர்களின் பெண்ணாக இருக்க வேண்டும். ஆனால் அதென்ன உப்பு கீதா? எங்கள் தெருவில் குண்டு கீதா உண்டு, நெட்டை கீதா உண்டு. மெட்ராஸ் பக்கம் இப்படியெல்லாம் பட்டப்பெயர் வைப்பார்கள் போலிருக்கிறது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு, பணிவாகவே பதில் சொன்னேன்.

"கீதா இங்க இல்லைங்க. காலி பண்ணிட்டுப் போயிட்டாங்க."

அந்த மனிதரின் முகம் அப்படியே கறுத்துவிட்டது. விருட்டென்று திரும்பிப் போய்விட்டார். கொஞ்ச நேரத்தில் ஜன்னல் வழியாகப் பார்க்கிறேன், சைக்கிள் கேரியரில் ஒரு மூட்டையைக் கட்டிக்கொண்டு வந்து பக்கத்து வீட்டு வாசலில் தொப்பென்று போட்டார். ஒரு மூட்டை கல்லுப்பு. இனி இந்த வீட்டிலிருந்து யாரும் யார் வீட்டுக்கும் உப்பு கேட்டுப் போகக் கூடாது என்று என் காதில் விழும்படி சொல்லிவிட்டு உள்ளே போனார்.

சாயங்காலம் அவர் மனைவி என்னைப் பார்க்க வந்தார். என்னம்மா சொன்னாய் அவரிடம் என்று கேட்டார். சொன்னேன். அந்த அக்கா சிரித்த சிரிப்பு இருக்கிறதே, நிற்க முடியாமல் என் பெட்டியின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். 'கீது' என்றால் 'இருக்கிறது' என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. தன் வீட்டுக்காரரிடம் போய், நான் கேலி செய்யவில்லை என்று விளக்கமும் சொல்லியிருக்கிறார். அவர் மசியவில்லை. தெரியாமல் சொன்னாலும் சொன்னது சொன்னதுதானாம். தீபாவளி வரை என்னோடு பேசவில்லை.

எனக்கும் அக்காவுக்கும் மட்டும் அன்றிலிருந்து உப்புக்குப் பெயர் கீதா. "குழம்புல கீதா தூக்கலா கீது" என்பார் அக்கா. நானும் கீதாவைப் பற்றி ஏதாவது சொல்வேன்.

அவரை அவர் மகள் நைனா என்று கூப்பிடுவாள். அதைக் கேட்டுக் கேட்டு பிளாக் முழுவதும் நைனா என்றே கூப்பிட்டது. எங்கள் குவார்ட்டர்ஸில் பாதிப்பேருக்குச் சொந்த ஊரே பெயராகிவிடும். பேச்சு வார்த்தை தொடங்கிய பிறகு அவருக்கு நான் 'திருச்சி'. அவர் மட்டும் பூந்தமல்லியிலேயே பிறந்த அசல் உள்ளூர்க்காரர். அவருக்கு இருந்த ஒரே சொத்து ரோஷம். "நான் சோத்துல உப்பு போட்டுத் துன்றவன்" என்று ஒரு நாளைக்கு ஒரு தடவையாவது சொல்லாமல் தூங்க மாட்டார்.

பூந்தமல்லி பஸ் கதையைச் சொல்கிறேன். ஒருநாள் பூந்தமல்லியிலிருந்து ஆவடிக்கு வரும்போது, படிக்குப் பக்கத்தில் நின்ற இவரைப் பார்த்து கண்டக்டர், "உள்ள போ பெருசு" என்றிருக்கிறார். அவ்வளவுதான். இவர் பருத்திப்பட்டில் இறங்கி, வெயிலில் வீடுவரை நடந்தே வந்தார். அதற்கப்புறம் அந்த பஸ்ஸில் ஏறவே இல்லை. பூந்தமல்லியில் சொந்தக்காரர் வீட்டு விசேஷம் என்றாலும் சைக்கிள்தான். அந்தக் கண்டக்டர் எப்போதோ வேறு டிப்போவுக்குப் போய்விட்டார் என்று என் வீட்டுக்காரர் விசாரித்து வந்து சொன்னார். "ஆளு மாறினா இன்னாபா, பஸ்சு அதே பஸ்சுதானே" என்றார் நைனா. பஸ்மேல் கோபித்துக்கொண்ட மனிதரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

கல்யாணப் பந்தியிலும் இதே கூத்துதான். பக்கத்து இலைக்கு முழு அப்பளம், இவர் இலைக்கு உடைந்த அப்பளம். எழுந்து கை கழுவிவிட்டார். அக்கா எழவில்லை. பாயசம் வரைக்கும் நிதானமாகச் சாப்பிட்டு, வெற்றிலையும் போட்டுக்கொண்டு வந்து, "உனுக்கும் சேத்துத் துன்ட்டேன், வா போலாம்" என்றாராம். அக்கா இல்லையென்றால் அந்த மனிதர் பட்டினியிலேயே போயிருப்பார்.

ஒன்று சொல்ல வேண்டும். அவர் ரோஷம் அவருக்கு மட்டும் செலவாகவில்லை. என்னோடு பேசாமல் இருந்த அந்த மாதங்களில், குழாயடியில் ஒரு பெண்மணி என் குடத்தை நகர்த்தி வைத்துவிட்டு என் பேச்சை, என் ஊரை எல்லாம் கிண்டல் செய்துகொண்டிருந்தார். நான் அழுகையை அடக்கிக்கொண்டு நின்றேன். பல் தேய்த்துக்கொண்டிருந்த நைனா அப்படியே நேராக வந்து என் குடத்தை எடுத்துக் குழாயின் கீழே வைத்தார். "இந்தப் பொண்ணு நம்ம பிளாக்கு. இத்த எவனாவது எதுனா சொன்னா என்னிய சொன்ன மாதிரி" என்றார். அந்தப் பெண்மணி தன் குடத்தை எடுத்துக்கொண்டு நகர்ந்தார். நான் நன்றி சொல்ல வாயைத் திறந்தேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். உப்பு விவகாரம் இன்னும் தீரவில்லையே, அதனால்.

இப்படிப்பட்ட மனிதருக்கு ஒரே மகள். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு தையல் கம்பெனிக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். அங்கேயே எலக்ட்ரீசியனாக இருந்த பையனைப் பிடித்துப்போய், ஒருநாள் கழுத்தில் மாலையோடு வந்து நின்றாள். பையன் தலையை நிமிர்த்தவில்லை. பிளாக் முழுவதும் வெளியே வந்துவிட்டது. எங்கே அரிவாளைத் தூக்குவாரோ என்று நான் அக்காவின் பக்கத்தில் போய் நின்றுகொண்டேன்.

நைனா பையனைத் திட்டவில்லை. பையன் யார், எந்த ஆளுங்க என்று ஒன்றுமே கேட்கவில்லை. மகளைப் பார்த்து, "என்னிய ஒரு வார்த்த கேக்கல இல்ல நீ?" என்று மட்டும் கேட்டார். அவள் அழுதாள். கேட்டால் சம்மதிக்க மாட்டாய் என்று பயந்தேன் என்றாள். அந்த பதில்தான் அவரைக் குத்திவிட்டது என்று நினைக்கிறேன். பிளாக்குக்கே கேட்கிற மாதிரி சொன்னார்.

"உன் ஊட்டு வாசப்படிய நான் மிதிச்சேன்னா, நான் சோத்துல உப்பு போட்டுத் துன்றவனே இல்ல."

மகளும் மருமகனும் திருவேற்காட்டுக்குப் பக்கத்தில், நூம்பலில் ஒரு வாடகை வீட்டுக்குப் போனார்கள். இங்கே நைனா அன்று இரவு சாப்பிட உட்கார்ந்தவர், குழம்பு ஊற்றின சோற்றில் உப்பை அள்ளிப் போட்டுப் பிசைந்து சாப்பிட்டாராம். அன்றிலிருந்து அதுவே பழக்கமாகிவிட்டது. அக்கா எவ்வளவு உப்பு போட்டுச் சமைத்தாலும் இவர் தட்டில் தனியாக இன்னும் கொஞ்சம் போட்டுக்கொள்வார். சபதத்துக்குத் தினமும் மூன்று வேளை சாட்சி காட்டிக்கொண்டிருந்தார் அந்த மனிதர். அக்கா என்னிடம் சொல்லி அழுவார். எனக்கு வந்த கோபத்துக்கு, அந்த உப்பு மூட்டையைக் கொண்டுபோய் ஏரியில் கொட்டிவிடலாமா என்றிருந்தது.

அக்கா மட்டும் அவ்வப்போது திருவேற்காடு கோயிலுக்குப் போகிறேன் என்று கிளம்புவார். நிஜமாகவே கோயிலுக்குப் போய்க் குங்குமம் வாங்கிக்கொண்டு, அங்கிருந்து நூம்பலுக்குப் போய் மகளைப் பார்த்துவிட்டு வருவார். துணைக்குச் சில சமயம் நானும் போவேன். நைனா குங்குமத்தை வாங்கி நெற்றியில் வைத்துக்கொள்வார். ஒரு கேள்வி கேட்க மாட்டார்.

இரண்டு வருடம் இப்படிப் போனது. ஒருநாள் நைனா வேலை செய்யும் இடத்தில் தலை சுற்றி உட்கார்ந்துவிட்டார். பிளட் பிரஷர். பயப்படுகிற அளவுக்கு இருந்தது. டாக்டரம்மா சின்னப் பெண், ஆனால் கறாரானவர். சமையலில் உப்பு கூடாது, ஊறுகாய், அப்பளம், கருவாடு எதுவும் கூடாது என்று சொல்லிவிட்டார்.

"உப்பில்லாம துன்றதுக்கு நான் இன்னா ரோஷங்கெட்டவனா?" என்று கேட்டிருக்கிறார் இவர்.

"அந்த ரோஷத்தையும் குறைக்கணும் பெரியவரே. பிரஷருக்கு அதுவும் ஆகாது" என்றாராம் அந்த அம்மா. அக்காவுக்கு டாக்டரம்மாவைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்ததாம்.

ஊறுகாயை விட்டார், அப்பளத்தை விட்டார். அப்பளத்தோடு அவருக்குப் பழைய பகை இருந்ததால் அது கஷ்டமாக இல்லை. கருவாட்டை மட்டும் விட முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை கருவாட்டுக் குழம்பு அவருக்குச் சின்ன வயதிலிருந்து பழக்கம். காய்ச்சல் வந்தாலும் அதுதான், சண்டை போட்டு வந்தாலும் அதுதான். "கருவாடு வாணாம்னா ஞாயித்துக்கெழமை எதுக்கு வருது?" என்று கேட்டுவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். சோறு இறங்கவில்லை. மீசை தொங்கிப்போய்விட்டது. அக்காவால் பார்க்க முடியவில்லை. மறுபடி டாக்டரம்மாவிடம் போய் மன்றாடி, நன்றாக உப்பு போகக் கழுவி, எப்போதாவது ஒரு துண்டு என்று அனுமதி வாங்கி வந்தார்.

அதன் பிறகு எங்கள் இரண்டு வீட்டு அடுப்படியிலும் நடந்ததை என்னவென்று சொல்ல. முதல் ஞாயிறு, நெத்திலிக் கருவாட்டை ராத்திரி முழுக்கத் தண்ணீரில் ஊறப் போட்டார் அக்கா. காலையில் கருவாடு இல்லை, கூழ்தான் இருந்தது. அதையே குழம்பு வைத்தார். நைனா ஒரு வாய் வைத்துவிட்டு, "இது கருவாடு இல்லம்மே, கருவாட்டு போட்டோ" என்றார். திட்டு வாங்கினாலும் அவர் வாயிலிருந்து ஒரு வேடிக்கைப் பேச்சு வந்ததில் அக்காவுக்குச் சந்தோஷம்.

அடுத்த முறை வாளைக் கருவாடு. சுடுதண்ணீரில் கொஞ்ச நேரம் போட்டு அலசி, பிறகு அரிசி கழுவின கழனித்தண்ணீரில் ஊறவைத்து, தண்ணீரை மாற்றி மாற்றிப் பிழிந்து எடுத்தார். துண்டும் உடையவில்லை. ஆனால் குழம்பு சப்பென்றிருந்தது. அப்புறம்தான் எங்களுக்குப் பிடிபட்டது. குழம்பில் ஒரு கல் உப்பு போடாமல், சின்ன வெங்காயமும் பூண்டும் வழக்கத்தைவிட இரண்டு மடங்கு வதக்கி, புளியைக் கொஞ்சம் கெட்டியாகக் கரைத்து, மொச்சையும் கத்தரிக்காயும் நல்ல புளிப்பு மாங்காயும் சேர்த்து, இறக்கும்போது மிளகு சீரகத்தைத் தட்டிப் போட வேண்டும். புளிப்பும் காரமும் முன்னால் வந்து நின்றால், உப்பைத் தேடிப்போக நாக்குக்கு நேரம் இருக்காது. வைத்த அன்றைக்குத் தொடவே கூடாது. மறுநாள் சுட வைத்து ஊற்றினால், அந்த ஒரு துண்டுக் கருவாடு குழம்பு முழுக்க இறங்கியிருக்கும். ருசி பார்ப்பது என் வேலை. "கீதா தெரியிறாளா?" என்று அக்கா கேட்பார். தெரியவில்லை, ஆனால் தேடவும் இல்லை என்று நான் சொன்ன அன்றைக்குத்தான் நைனாவின் தட்டுக்குப் போனது. அவர் தட்டை வழித்துச் சாப்பிட்டார். மறுசோறு வாங்கினார். அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்கு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

நடுவில் ஒரு திருட்டும் நடந்தது. நைனா யாருக்கும் தெரியாமல் மூட்டையிலிருந்து உப்பை எடுத்து லுங்கி மடிப்பில் வைத்துக்கொண்டதை அக்கா பார்த்துவிட்டார். அன்றைக்கே மூட்டையை இழுத்துக்கொண்டு வந்து, "கீதாவ இனிமே நீயே வச்சிக்க" என்று என் வீட்டில் போட்டுவிட்டார். ரெண்டு நாள் கழித்து மத்தியானம், வாசலில் நைனா. கையில் அதே கிண்ணம். கண் முருங்கை மரத்தின் மேல்.

"உப்பு கீதா?"

மூட்டை என் முதுகுக்குப் பின்னாலேயே இருக்கிறது. எனக்கும் எங்கிருந்தோ தைரியம் வந்தது. "கீதா காலி பண்ணிட்டுப் போயிட்டாங்க நைனா" என்றேன்.

அவர் என்னை முறைத்தார். போச்சு, இன்னொரு தீபாவளி வரை பேச்சு இல்லை என்று நினைத்தேன். மீசை மெல்லத் துடித்தது. பிறகு அந்த மனிதர் சிரித்தார். கிண்ணத்தைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு சிரித்தபடியே போனார். தன்னைக் கேலி செய்ததற்கு அவர் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். அக்காவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். "உப்பு எறங்குதுடி" என்றார் அக்கா.

இந்தச் சமயத்தில்தான் நூம்பலில் மகள் முழுகாமல் இருந்தாள். ஐந்தாம் மாதமாகியும் மசக்கை விடவில்லை. எதைச் சாப்பிட்டாலும் வெளியே வந்துவிடும். ஆள் துரும்பாகிவிட்டாள். என்ன வேண்டும் என்று அக்கா கேட்டால், நம் வீட்டுக் கருவாட்டுக் குழம்பு வேண்டும், நைனா பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்பாள். குழம்பைக் கொண்டுபோகலாம். நைனாவை எந்தத் தூக்குச்சட்டியில் போட்டுக் கொண்டுபோவது? திரும்பி வரும் பஸ்ஸில் அக்கா வழியெல்லாம் அழுதுகொண்டே வந்தார். மகளுக்கு வளைகாப்பு போட, பிரசவத்துக்கு அழைத்துவர, தாய்வீடு என்று ஒன்று வேண்டாமா என்று என்னைக் கேட்டார். எனக்கும் அப்போது நாள் தள்ளிப்போயிருந்தது. அழுகை வந்துவிட்டது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை. முந்தின நாள் வைத்த குழம்பைச் சுட வைத்து நைனாவுக்குப் பரிமாறிவிட்டு, மீதியைத் தூக்கில் ஊற்றிக்கொண்டிருந்தார் அக்கா. நானும் அங்கே இருந்தேன். யாருக்கு அது என்று கேட்டார் நைனா. வழக்கமாக அக்கா 'திருச்சிக்கு' என்று என் தலையில் போடுவார். அன்றைக்கு அக்காவுக்கு என்ன தோன்றியதோ, மறைக்கவில்லை.

"உன் பொண்ணுக்கு. அஞ்சாம் மாசம். ஒண்ணும் துன்ன முடியல. இதான் வோணும்னு கேக்குது."

நைனா கையில் பிசைந்த சோறு அப்படியே இருந்தது. எனக்கு எழுந்து வீட்டுக்குப் போய்விடலாமா என்றிருந்தது. அவர் சோற்றைத் தட்டில் வைத்துவிட்டுக் கேட்டார்.

"இந்தக் கொழம்புல உப்பு போட்டியா?"

"ஒரு கல்லுகூட இல்ல."

"சோத்துல?"

"சோத்துலயும் இல்ல. டாக்டரம்மா சொன்ன நாள்லேர்ந்து இந்த ஊட்டு சமையல்ல உப்பு ஏது?"

"கருவாட்டுல கீற உப்பு?"

அக்கா தூக்கை மூடி வைத்துவிட்டு அவரை நேராகப் பார்த்தார். "அது மீன்காரி போட்டது. அத்தயும் நான் கழுவி ஊத்திட்டேன்."

நைனா தலையை ஆட்டிக்கொண்டார். என்னைத் திரும்பிப் பார்த்து, "இன்னா திருச்சி, யாருனா கேட்டா சாட்சி சொல்லுவியா?" என்றார். சொல்வேன் என்றேன். கையைக் கழுவினார். மாடத்திலிருந்து சீப்பை எடுத்துத் தலையை வாரி, மீசையை முறுக்கி, வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டார். அக்கா கையிலிருந்து தூக்கை வாங்கிக்கொண்டு படி இறங்கினார். அக்காவும் நானும் செருப்பைப் போட்டுக்கொண்டு பின்னாலேயே ஓடினோம்.

அவர் போய் நின்ற இடம் பூந்தமல்லி பஸ் நிற்கிற ஸ்டாப். பஸ் வந்தது. ஏறினார். கூட்டம். கண்டக்டர் யாரோ புது ஆள், பார்க்காமலேயே கத்தினார், "படில நிக்காத, உள்ள போ பெருசு." அக்கா என் முழங்கையைக் கிள்ளினார். நைனா தூக்கை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உள்ளே போனார். பருத்திப்பட்டு வந்தது, போனது. அவர் இறங்கவில்லை.

பூந்தமல்லியில் பஸ் மாறி, வேலப்பன்சாவடியில் இறங்கி, நூம்பலுக்குள் நடந்தோம். வழியெல்லாம் பாதி கட்டின வீடுகளும் வயலும். வாசலில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்த மகள் எங்களைப் பார்த்துவிட்டுக் கொடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "நைனா" என்றாள். நைனா வாசற்படிக்கு முன்னால் நின்று கீழே பார்த்தார். சாதாரண சிமெண்டுப் படி, ஓரம் உடைந்திருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு அதன்மேல் காலை நன்றாக ஊன்றி வைத்து ஏறினார்.

மருமகன் பாய் விரித்தார். கை கால் ஓடவில்லை அந்தப் பையனுக்கு. மகளைப் பக்கத்தில் உட்கார வைத்து, நைனாவே சோறு போட்டு, குழம்பை ஊற்றி, கருவாட்டுத் துண்டை முள் எடுத்து அவள் தட்டில் வைத்தார். அவள் சாப்பிட்டாள். இரண்டாவது கவளமும் உள்ளே போனது. நாங்கள் எல்லோரும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம். மருமகனும் ஒரு வாய் சாப்பிட்டுப் பார்த்து, குழம்பில் உப்பு இல்லை என்று கண்டுபிடித்தார். மாமனாருக்கு ஏதாவது உபசாரம் செய்தாக வேண்டுமே என்று அவசரமாக எழுந்து அலமாரியைத் துழாவிக்கொண்டே மகளிடம் கேட்டார்.

"ஊட்டுல உப்பு கீதா?"

அக்காவும் நானும் ஒருவரையொருவர் பார்க்காமல் இருக்கப் பட்ட பாடு எங்களுக்குத்தான் தெரியும். உப்பு ஜாடியோடு வந்து நின்ற பையனை நைனா நிமிர்ந்து பார்த்தார்.

"வச்சிட்டு வந்து உக்காரு மாப்ள" என்றார். "நான் உப்பு போட்டுத் துன்றவனா இருந்தா, இந்த ஊட்டுக்கு வந்திருப்பேனா?"

மருமகனுக்கு ஒன்றும் புரியவில்லை. ஜாடியைக் கையில் வைத்துக்கொண்டு விழித்தார். மகளுக்குப் புரிந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, இன்னொரு கரண்டி ஊத்து நைனா என்று தட்டை நீட்டினாள்.